அம்மம்மாவின் பாட்டும் 120 பிபிஎம்மும்: முதல் ரெக்கோர்டிங் அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:

வீட்டிலிருந்தே பாட்டு ரெக்கோர்ட் பண்ணத் தொடங்கியவர்கள் இப்போது திருகோணமலையில் கொஞ்சப் பேர் இருக்கிறோம். முதல் இரண்டு மாதம் என்ன பாடுபட்டோம் என்றுதான் யாரும் எழுதுவதில்லை. நான் தொடங்குகிறேன், நீங்களும் கீழே எழுதுங்கள்.

எனக்குக் காரணம் அம்மம்மா. விடிய எழும்பி வாசல் தெளிக்கும்போதே கோணேசர் பதிகம் பாடத் தொடங்கிவிடுவார். பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டல்ல, தகப்பன் பாடக் கேட்டுப் பிடித்தது. போன வருடம் சளி பிடித்து மூன்று கிழமை குரலே இல்லாமல் கிடந்தார், அப்போதுதான் இதை எங்கேயாவது பிடித்து வைக்கவேண்டும் என்ற பதற்றம் எனக்கு வந்தது. குணமானதும் போனில் பிடித்துப் பார்த்தேன். போன் தன்பாட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தது, அவர் மெல்ல இழுத்து முடிக்கிற இடங்களை இரைச்சல் என்று எடுத்து வெட்டியும் விட்டது. அந்த இழுப்பில்தான் பாட்டே இருக்கிறது.

சரி என்று ரீப்பர் என்கிற ஒலிப்பதிவு மென்பொருளை இறக்கினேன். என்னுடையது 4 ஜிபி ராம் உள்ள பழைய லப்டொப், அதில் திணறாமல் ஓடியது இதுதான். 60 நாள் எந்த வெட்டும் இல்லாமல் பாவித்துப் பார்க்கலாம், பிறகு தனியாள் லைசன்ஸ் 60 டொலர். (வினாம்ப் பிளேயரைச் செய்த ஜஸ்டின் ஃபிராங்கல் தொடங்கிய மென்பொருள் இது. எம்பி3 காலத்து ஆட்களுக்குச் சொல்கிறேன்.)

முதல் நாள் மைக்கைக் குத்தி ஹெட்போனைப் போட்டு 'ஹலோ' என்றேன், என் குரல் எனக்கே பிந்திக் கேட்டது. மைக் பிழை என்று நினைத்து இரண்டு நாள் கேபிளை மாற்றி மாற்றிக் குத்தினேன். மைக்கில் ஒன்றுமில்லை, பஃபர்தான். கணினி ஒலியை ஒரு கொத்தாகச் சேர்த்துத்தான் விழுங்கும். கொத்து 1024 சாம்பிள் (ஒலியின் நுண்ணிய அளவீடுகள்) என்றால், செக்கனுக்கு 44,100 சாம்பிள் கணக்கில், ஏறக்குறைய 23 மில்லி செக்கன். உள்ளே வர ஒரு தரம், வெளியே போக ஒரு தரம், நடுவில் விண்டோஸ் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம். ஏஎஸ்ஐஓ4ஆல் என்கிற இலவச டிரைவரைப் போட்டு பஃபரை 256க்கு இறக்கியதும் ஒரு கொத்து 6 மில்லி செக்கனுக்கு வந்துவிட்டது, பிந்துவது தெரியவில்லை. கனக்க ட்ராக் (ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் தனித்தனிப் பதிவு) சேர்ந்த பிறகு 256இல் வைத்தால் படபடவென்று வெடிக்கும். அதனால் பாடும்போது குறைத்து வையுங்கள், மிக்ஸ் பண்ணும்போது கூட்டிவிடுங்கள்.

அப்புறம் வந்ததுதான் உண்மையான சிக்கல். புது புரொஜெக்ட் திறந்தால் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு), நாலுக்கு நாலு தாளம், திரை முழுக்கக் கோடு. எந்த வீடியோவைப் பார்த்தாலும் கிளிக்குக்கு (மெட்ரோநோம் தாளம் தட்டும் சத்தம்) ஏற்றபடி பாடு என்கிறார்கள். அம்மம்மாவுக்கு கிளிக் போட்டுக் காட்டினேன். இரண்டு வரி பாடினார், மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டு "யாரோ கதவைத் தட்டுறான், போய்ப் பார்" என்றார். அவர் பாடுவது தாளத்துக்குள் அடங்குகிற பாட்டல்ல, சொல்லுக்கும் மூச்சுக்கும் ஏற்றபடி நீள்வது. அன்றிரவே மெட்ரோநோமை நிறுத்தினேன், ஆல்ட்டும் எல்லும் அழுத்திக் கோடுகளை மறைத்தேன், ஆல்ட்டும் எஸ்ஸும் அழுத்தி ஸ்னாப்பையும் (வெட்டுகிற இடத்தைக் கோட்டுக்கு இழுப்பது) நிறுத்தினேன். வெறும் கறுப்புத் திரையில் அவர் குரல் மட்டும் ஓடியது. விருத்தம், ஒப்பாரி, தாலாட்டு என்று எதைப் பிடிக்கிறவர்களும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

சுருதி இன்னொரு கதை. முதல் இரவு தம்பூரா இல்லாமல் பாடவைத்தேன். ரீப்பரோடு வருகிற, சுருதி காட்டும் ரீட்யூனைப் போட்டுப் பார்த்தால் நாலரைக் கட்டைக்கு 30 சென்ட் மேலே தொடங்கியிருக்கிறார், முடிக்கும்போது ஐந்து கட்டையைத் தொட்டுவிட்டார். (கட்டை சுருதியின் அளவு, சென்ட் அதைவிட நுண்ணிய அளவு. இங்கே அரைக் கட்டை வித்தியாசத்துக்கு 100 சென்ட்.) மென்பொருள் அதை இழுத்து நேராக்கித் தரும்தான். செய்து கேட்டேன், கமகம் எல்லாம் படிக்கட்டு மாதிரி உடைந்தது, உடனே அழித்துவிட்டேன். மறுநாள் அவரை நிமிர்த்தாமல் தம்பூராவைத்தான் அசைத்தேன். நாலரைக் கட்டைத் தம்பூரா ஒலியை எடுத்து, எஃப்2 அழுத்தி, பிட்ச்சில் 0.3, அதாவது அந்த 30 சென்ட், கூட்டினேன். ஹெட்போன் போட மாட்டேன் என்றார், காதை அடைத்தால் பாட்டு வராதாம். ஒரு பக்கத்தை மட்டும் காதருகில் சேலைத் தலைப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் காது வெறுமையாக, கண்ணை மூடிப் பாடினார். அந்தப் பதிவில் சுருதி கடைசி வரை நின்றது.

சத்தம் பற்றியும் சொல்லவேண்டும். ஃபேனை நிறுத்தாமல் முடியாது, ஆவணி வெக்கையில் கதவையும் சாத்திக்கொண்டு இருந்தோம். லப்டொப் சார்ஜர் குத்தியிருந்தால் ஒரு ம்ம்ம் இரைச்சல் வந்தது (நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், இரைச்சலும் அங்கேயும் அதன் மடங்குகளிலும் நிற்கும்), கழற்றினால் போய்விட்டது. கடல் காற்றின் கீழ் உறுமலுக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். அவர் குரல் 185 அளவில்தான் தொடங்குகிறது, அதனால் குரலுக்குச் சேதம் இல்லை. லெவலை உச்சம் -12 டெசிபல் அளவில் வையுங்கள். பூச்சியத்தைத் தாண்டி வெடித்த குரலைப் பிறகு சுத்தமாக மீட்க முடியாது.

கிண்ணியாவிலிருந்து:

நானா, வாசித்ததும் நெஞ்சு கனத்துப்போனது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இன்னொருவருக்கு நடக்கக்கூடாது. வாப்பா ஹார்மோனியம் வாசிப்பார், அதை ஆறு ட்ராக்கில் பிடித்து வைத்திருந்தேன். லப்டொப்பை ஃபோர்மட் பண்ணுவதற்கு முன்னர் புரொஜெக்ட் ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்தேன். சின்ன ஃபைல், சில நூறு கேபி. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். புரொஜெக்ட் ஃபைலுக்குள் ஒலி கிடையாது, எந்த வேவ் ஃபைல் எங்கே இருக்கிறது, எங்கே வெட்டினோம் என்ற குறிப்பு மட்டும்தான். திறந்தபோது ட்ராக் எல்லாம் இருந்தது, ஒலி இல்லை. 24 பிட் மோனோ (ஒற்றை வழி) ஒலி ஒரு நிமிடத்துக்கு 8 எம்பி அளவு வரும், ஆறு ட்ராக்கில் பிடித்தது சில நூறு கேபிக்குள் எப்படி அடங்கும்? 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது எல்லா மீடியாவையும் புரொஜெக்ட் ஃபோல்டருக்குள் கொப்பி பண்ணு என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் சரி போட்டு, முழு ஃபோல்டரையும் இரண்டு இடத்தில் வையுங்கள். வாப்பா இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ், திரும்ப வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று வாசித்த மாதிரி இன்னும் வரவில்லை.

பாலையூற்றிலிருந்து:

நான் கோவில் பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிக்கிறேன் (மாதா கோவில்). யூஎஸ்பி வயரைக் குத்தி வாசித்தேன், கீபோர்ட் ஸ்பீக்கரில் கேட்கிறது, ரெக்கோர்டில் சத்தமே இல்லை, திரையில் சின்னச் சின்னப் பட்டைகள்தான். அந்த வயரில் போவது மிடி. 1983இல் வந்த முறை. எந்தக் கட்டையை, எவ்வளவு அழுத்தத்தில், எப்போது தொட்டாய் என்று மட்டும் சொல்லும், ஒலியைக் கொண்டுபோகாது. ட்ராக்கில் ஒரு பியானோ பிளகின்னை (பியானோ ஒலி தரும் துணை மென்பொருள்) போட்டதும் பேசத் தொடங்கியது. கீபோர்டின் சொந்த ஒலிதான் வேண்டுமென்றால் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிள் தனியாக எடுக்கவேண்டும்.

நிலாவெளியிலிருந்து:

அண்ணா, நான் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. அப்பம்மாவின் தாலாட்டைப் பிடிக்க ஆசை. மைக் எது வாங்க? கண்டென்சர் நல்லது என்கிறார்கள்.

உவர்மலையிலிருந்து:

தங்கச்சி, அவசரப்பட்டு வாங்காதீங்க. பெரும்பாலான கண்டென்சருக்கு 48 வோல்ட் கொடுக்கிற இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வேண்டும், அதோடு நிலாவெளி அலை, பக்கத்து வீட்டு நாய், தென்னோலை எல்லாவற்றையும் அது கேட்டுவிடும். மேடையில் பாவிக்கிற சாதாரண டைனமிக் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் நம் வீடுகளுக்குப் போதும். கல்யாண வீட்டுக்கு சவுண்ட் கொடுக்கிறவர்களிடம் ஒரு நாளுக்கு இரவல் கேட்டுப் பாருங்கள், நான் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் மைக்கே இல்லாமல் அப்பம்மாவின் பக்கத்தில் லப்டொப்பைத் திறந்து வைத்து இரண்டு மூன்று நாள் சும்மா பாடச் சொல்லுங்கள். அம்மம்மா முதல் தரம் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்ததும் பழகிய வரியையே மறந்து நின்றார். பழகட்டும். கேபிளும் ஸ்டாண்டும் என்னிடம் இருக்கிறது, சனிக்கிழமை பின்னேரம் நிலாவெளிப் பக்கம் வருகிறேன், அப்பம்மாவுக்கு எந்த நேரம் குரல் நன்றாக இருக்கும் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.