புதுப்பிப்பு: கேரள எல்லையை ஒட்டிய புளியரை தாண்டிப் போனவர்களை எப்படிக் கணக்கில் சேர்த்தேன்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: செங்கோட்டையில் டயாலிசிஸ் நோயாளிகளைப் பின்தொடரும் எங்கள் சிறு ஆய்வில், பாதியில் கேரளத்துக்குச் சிகிச்சை மாற்றிக்கொண்டவர்களை நீக்கிவிடலாமா என்று. கூடவே கூடாது என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எத்தனை மாதம் வரை எத்தனை பங்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்கிட கப்லானும் மயரும் 1958-இல் தந்த முறையில், போன நாள் வரை அவர்களும் கணக்கில் உண்டு. 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். 3ஆம் மாதம் ஒருவர் இறக்கிறார்: 9/10. 5ஆம் மாதம் 4 பேர் எல்லை தாண்டுகிறார்கள். 6ஆம் மாதம், மிஞ்சிய 5 பேரில் ஒருவர் இறந்தால் 4/5. இரண்டையும் பெருக்கினால் 0.72; அதாவது 6ஆம் மாதம் தாண்டி உயிரோடிருக்கும் வாய்ப்பு 72%. அந்த 4 பேரை முதலிலிருந்தே கணக்கிலிருந்து நீக்கியிருந்தால், 6 பேரில் 4 பேர், 0.67தான் வரும்.

சரி, கணக்கு புரிந்துவிட்டது. என் கவலை வேறு. விலகியதற்கும் இறப்பு அபாயத்துக்கும் தொடர்பில்லை என்பதுதான் இந்த முறையின் அஸ்திவாரம். உடம்பு ரொம்ப முடியாமல் போனதால்தான் அவர்கள் மாறினார்கள் என்றால், இந்தக் கணக்கில் வரையும் உயிர்வாழ்வு வளைகோடே ஏமாற்றும். பதிவேட்டில் பென்சிலால் ‘புனலூர் போயாச்சு’ என்றிருந்த ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டேன். மகள் எடுத்தார். "அப்பா நல்லா இருக்காங்க சார், என் வீட்டுப் பக்கத்துலயே பாக்குறோம்." அன்றைய தேதியைப் பேனாவால் எழுதினேன்.

இன்னும் 3 வீடு பாக்கி. அதை முடித்த பிறகுதான் வயது போன்ற காரணிகள் இறப்பு அபாயத்தை எவ்வளவு மாற்றுகின்றன என்று பார்க்கும் காக்ஸின் 1972 மாடலைத் தொடுவேன்.