கடைசி அலசல் நீரில் நீங்கள் கண்டவை

உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் உள்நோக்குக் கருவிகளைக் கிருமி நீக்கியபின் கடைசியாக அலசும் நீரில் என்ன கண்டீர்கள் என்ற கேள்விக்கு இருவர் சொன்னவை இவை.

மூச்சுக்குழாய் உள்நோக்குப் பிரிவின் செவிலியர்:

ஒரே வாரத்தில் மூன்று நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் ஏ.எஃப்.பி. (காசநோய்க் கிருமியும் அதன் இனக் கிருமிகளும் சாயமேற்றிப் பார்க்கும்போது தென்படும் சோதனை) பாசிட்டிவ் என்று அறிக்கை வந்தபோது காசநோய் என்றே எண்ணினோம். ஒருவருக்கு மாத்திரையும் தொடங்கப்பட்டது. ஆனால் மூவருக்கும் சிபிநாட் என்னும் மரபணுச் சோதனையில் காசநோய்க் கிருமி தென்படவில்லை. மூவருக்கும் பயன்பட்டது ஒரே பிராங்கோஸ்கோப், அதாவது மூச்சுக்குழாய் உள்நோக்குக் கருவி. கல்ச்சரில் (மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) ஒரு வாரத்துக்குள் கிருமி வளர்ந்துவிட்டதைக் கண்ட நுண்ணுயிரியல் மருத்துவர், காசநோய்க் கிருமி இத்தனை விரைவாக வளராது என்று ஐயுற்று மேலும் சோதித்து, அது நீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் கீலோனே என்று உறுதி செய்தார். குளூட்டரால்டிஹைடு என்னும் கிருமிநாசினியில் ஊறவைத்து எடுத்த கருவியை நாங்கள் கடைசியாக அலசிய நீரிலும் அதே கிருமி இருந்தது.

அலசும் நீரில் கிருமி வராமல் தடுக்க எங்களிடம் 0.2 மைக்ரான் நுண்துளை வடிகட்டி இருந்தது. தவணை தவறாமல் மாற்றியும் வந்தோம். ஆனால் வடிகட்டியிலிருந்து அலசும் தொட்டிக்குச் செல்லும் ஒரு முழக் குழாயை யாரும் கழற்றிப் பார்த்ததில்லை. அதன் உட்புறத்தைத் தொட்டபோது விரலில் கிருமிப் படலம் வழுவழுவென்று ஒட்டியது. வடிகட்டியைத் தாண்டியபின் நீர் எதைத் தொடுகிறது என்று நாங்கள் கேட்டதே இல்லை. தேவையின்றி மாத்திரை உட்கொண்டவரை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

உயிர்மருத்துவப் பொறியாளர்:

எங்களுக்கு நேர்ந்தது வேறு. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு, அடைப்பு சேரச் சேர ஏறுவதுதான் இயல்பு. எங்கள் அளவி சில வாரங்கள் ஏறிவந்து ஒரு நாள் சட்டென இறங்கியது. நீர் தாராளமாக வருகிறதே என்று பணியாளர்கள் நிம்மதியடைந்தார்கள். எனக்கு அச்சம் வந்தது. கழற்றியபோது ரப்பர் வளையம் நழுவியிருந்தது; நீர் வடிகட்டிச் சவ்வின் வழியே செல்லாமல் பக்கவாட்டில் கடந்திருக்கிறது. அன்று முதல் கடைசி அலசல் நீரை வாரந்தோறும் 100 மில்லி எடுத்துச் சோதிக்கிறோம். உள்நோக்குக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் இயந்திரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15883-4 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி அதில் 10-க்கும் குறைவான கிருமித் திரள்களே இருக்கலாம். ஈரமான இடங்களில் வளர்ந்து தொற்றை உண்டாக்கும் சூடோமோனாஸ் எருஜினோசா என்னும் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாதிரியை வடிகட்டியின் வாயில் எடுக்காமல், கருவியை அலசும் இடத்திலேயே எடுக்க வேண்டும் என்பதில் நான் விடாப்பிடியாக இருக்கிறேன்.

செவிலியர்:

நாங்களும் இப்போது அங்கிருந்துதான் எடுக்கிறோம். அந்தக் குழாயை மாற்றிவிட்டோம். அலசியபின் கருவியின் உட்குழல்களில் 70 விழுக்காடு ஆல்கஹாலைச் செலுத்தி, காற்றால் உலர்த்தாமல் எதையும் அலமாரியில் தொங்கவிடுவதில்லை.