மெஸ் ஆட்களுக்குச் சட்டை: பாலியஸ்டரா, பருத்தியா?

சிம்மக்கல்_மெஸ்:
சிம்மக்கல் பக்கம் சின்ன மெஸ் வைத்திருக்கிறேன். எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டம் வருவதற்குள் எல்லாருக்கும் ஒரே மாதிரி இரண்டிரண்டு சட்டை தைக்க வேண்டும். முழு பாலியஸ்டர் எடுங்கள், விலையும் குறைவு, ராத்திரி துவைத்தால் காலையில் போடலாம் என்கிறார் கடைக்காரர். வீட்டிலோ பருத்திதான் என்று ஒரே பிடி. எதை எடுக்க?

விளக்குத்தூண்காரன்:
கடைக்காரர் சொன்னது சரி அண்ணே. நானும் ஜவுளியில் இருப்பவன்தான். பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். அதனால்தான் பிழிந்து உதறும்போதே பாதி காய்ந்துவிடுகிறது. சுருங்காது, லேசில் கிழியாது.

கீழமாசி_அக்கா:
அந்த 0.4தான் வினையே, தம்பி. துணி குடிக்காத வேர்வை எங்கே போகும்? முதுகில்தான் வழியும். என் மகனின் பள்ளிச் சீருடை டெரிகாட்டன். பேரில்தான் காட்டன், மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டர். சாயங்காலம் கழற்றினால் கழுத்தைச் சுற்றி வேர்க்குரு. துவைத்தாலும் அக்குள் வாடை போவதில்லை. உடம்பு எண்ணெயை அந்த இழை விடவே விடாது.

விளக்குத்தூண்காரன்:
கிரிக்கெட் ஆடுகிறவர்கள் வெயிலில் நாள் முழுக்க எதைப் போட்டிருக்கிறார்கள் அக்கா? இதே பாலியஸ்டர்தான். வேர்வையைக் குடிக்காமல் பரப்பிவிடும், காற்றுப் பட்டதும் உலரும். குற்றம் இழையில் இல்லை, நெசவில்.

கீழமாசி_அக்கா:
அது ஓட்டை ஓட்டையாகப் பின்னிய துணி. அவர்கள் காற்றோட்டமான மைதானத்தில் ஓடுகிறார்கள். இந்தப் பிள்ளைகள் நிற்பது தோசைக்கல்லுக்கு எதிரே.

பரோட்டா_மாஸ்டர்:
ரெண்டு பேரும் நெருப்பை மறந்துவிட்டீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் கல்லில் எண்ணெய் பற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பையன் போட்டிருந்தது பாலியஸ்டர் முழுக்கைச் சட்டை. தீயை உடனே அணைத்துவிட்டோம். ஆனால் சட்டைக்கை உருகி முழங்கைக்குக் கீழே தோலோடு ஒட்டிக்கொண்டது. பருத்தி எரியாதா என்றால் எரியும், சொல்லப்போனால் சீக்கிரமே பற்றும். ஆனால் சாம்பலாக உதிர்ந்துவிடும். இது 260 டிகிரி வாக்கில் உருகிப் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

நம்பாதவர்கள் ஒரு இழையை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தியென்றால் காகிதம் எரிந்த வாடை. பாலியஸ்டர் சுருண்டு, நுனியில் கறுப்பு மணியாக இறுகும். நகத்தால் நசுக்க முடியாது.

விளக்குத்தூண்காரன்:
சரி, அடுப்படிக்குப் பருத்தியே எடுங்கள், அதில் நான் வாதாடவில்லை. பரிமாறுகிறவர்களுக்கு என்ன வந்தது? பந்திக்குப் பந்தி கசங்கிய சட்டையோடு இலைக்கு முன்னால் வந்து நிற்க முடியுமா?

கரிப்பெட்டி:
இஸ்திரி போடுகிறவன் சொல்கிறேன். பாலியஸ்டரால் எனக்குப் பிழைப்புப் போகிறது, அது வேறு கதை. கரிப்பெட்டியில் சூட்டைக் குறைக்கத் திருகு கிடையாது. கொஞ்சம் அசந்தால் துணியில் பளபளவென்று தடம் விழும், அப்புறம் அது போகாது. கறையையும் பாருங்கள். சாம்பார் மஞ்சள் பருத்தியில் ஊறும், ஆனால் வெயிலில் போட்டால் மங்கிவிடும். எண்ணெய்க் கறை பாலியஸ்டரை விடாது. மெஸ்ஸில் இரண்டும் தெறிக்கும்.

வைகைக்கரை:
துவைக்கிற ஒவ்வொரு முறையும் பொடிப்பொடியாகப் பிளாஸ்டிக் இழை தண்ணீரில் போகிறதே, அதை யாரும் பேசவில்லை. பெட்ரோலியத்தில் செய்கிற இழை, மக்கவும் மக்காது.

விளக்குத்தூண்காரன்:
உங்கள் பருத்திச் சட்டையின் தையலைப் பிரித்துப் பாருங்கள். தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டராகத்தான் இருக்கும். அது இல்லையென்றால் நாலு துவையலில் தோள் விட்டுப்போகும்.

சிம்மக்கல்_மெஸ்:
எல்லாருக்கும் நன்றி. அடுப்படியில் நிற்கிற மூவருக்குப் பருத்தி, பரிமாறும் ஐவருக்குப் பருத்தி கூடுதலாகக் கலந்த துணி என்று முடிவு செய்தேன். வீட்டில் படித்துக் காட்டினேன். “கல்லாவில் உட்கார நீங்கள் போட்டுப் போவது என்ன துணி?” என்று கேட்டாள். பருத்திதான் என்று அடித்துச் சொல்லிவிட்டு, உள்மடிப்பில் ஒரு இழை உருவிக் கொளுத்தினேன். கறுப்பு மணி.