டின் மீன் வைத்த ரொட்டித்துண்டு மழைக்காலத்தில் ஊறாமல் இருக்க என்ன வழி?

குழித்துறை_அடுக்களை:
மாமா குவைத்திலிருந்து வந்தபோது சூரை (டூனா) டின்னும் தக்காளி ஊற்றிய சாளை (மத்தி) டின்னுமாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஜூன் கடைசியில் தம்பி பிள்ளைக்கு ஞானஸ்நானம். சாயங்காலம் வீட்டில் நாற்பது பேர் இருப்பார்கள், பிரியாணிக்கு முன்னால் கையில் எடுத்துக் கடிக்க ஏதாவது வேண்டும். மேலே மூடாமல் ஒரே ரொட்டித்துண்டு மேல் மீனை வைத்துத் தருவார்களே, அதைச் செய்யலாம் என்று இருக்கிறேன். ஆனால் அந்த மழையில் ரொட்டி நமுத்துப் போகுமே என்று பயம். டின் வாசம் என்றாலே மூக்கைப் பொத்தும் பெரியம்மாமார் வேறு. மயோனைஸ் இல்லாமல் முடியுமா, எத்தனை டின் உடைக்கணும்?

தேங்காப்பட்டணம்_கரை:
கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டின் மீனா மக்களே! நல்ல சாளை வாங்கிப் பொரித்து முள் எடுத்து வை, அதுக்கு முன்னால் எந்த டின்னும் நிற்காது.

களியக்காவிளை_சந்தை:
அண்ணாச்சி, அவங்க சொல்லுறது ஜூன் கடைசி. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம்ம மேற்குக் கரையில் மீன்பிடித் தடை, விசைப்படகு ஓடாது, வள்ளத்தில் வருகிற மீனுக்குச் சந்தையில் என்ன விலை சொல்லுவான் என்று உங்களுக்குத் தெரியாதா. டின் இருக்கும்போது அதையே வைக்கட்டும்.

அக்கா, ஊறாமல் இருக்க மூணு காரியம். முந்தின நாள் ரொட்டி எடுங்க, புதுசு வேண்டாம். ஓரம் வெட்டி நாலாக நறுக்கி, தோசைக்கல்லில் சிறு தீயில் ரெண்டு பக்கமும் ஈரம் போக வாட்டுங்க. சிவந்தால் போதாது, விரலால் தட்டினால் டக்கென்று சத்தம் வரணும். சூட்டோடு ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஆவியிலேயே நமுத்துப் போகும், ஆற விட்டு உடனே டப்பாவில் மூடுங்க. அப்புறம் வெண்ணெய், விளிம்பு வரைக்கும் இடைவெளி இல்லாமல் தடவணும். மீனின் தண்ணீர் ரொட்டிக்குள் இறங்காமல் தடுப்பது அந்தக் கொழுப்புதான், இதில் கஞ்சத்தனம் பண்ணினால் பாடுபட்டதெல்லாம் வீண்.

சூரையை வடிதட்டில் போட்டுக் கரண்டியால் அழுத்திப் பிழியுங்க. மயோனைஸுக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர், பொடியாக அரிந்த உள்ளி (வெங்காயம்), ஒரு காந்தாரி மிளகாய், நல்லமிளகுப் பொடி, கடைசியாக எலுமிச்சை நாலு சொட்டு. உப்பு போடாதீங்க, டின்னிலேயே இருக்கு. கடையில் அடித்துக் கொடுக்கிற மயோனைஸை விட்டதே நல்லது, பச்சை முட்டையில் செய்ததை அந்தப் பக்கம் கேரளாவில் 2023 ஜனவரியிலேயே தடை பண்ணினான், நம்ம அரசு 2025 ஏப்ரலில் பண்ணியது.

கணக்கு: 185 கிராம் சூரை டின்னை வடித்தால் ஏறக்குறைய 130 கிராம்தான் கையில் வரும். தயிரும் உள்ளியும் சேர்ந்து 160 வரும், துண்டுக்கு 10 கிராம் வைத்தால் 16 துண்டு. ஆளுக்கு மூணு என்றால் எட்டு டின். பாதி சாளை வைத்தால் அதற்கேற்பக் குறையும்.

கோபன்ஹேகனில்_ஒரு_கருங்கல்காரன்:
இங்கே டென்மார்க்கில் இது விருந்துச் சாமான் மட்டுமல்ல, மதியச் சாப்பாடே இதுதான். கறுப்பு ரை ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே தக்காளியில் போட்ட அயிலை (கானாங்கெளுத்தி) டின்னை அப்படியே எடுத்து வைத்துச் சாப்பிடுவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் டப்பாவில்கூட அதுதான் இருக்கும். அந்த ரொட்டி செங்கல் மாதிரி கெட்டி, தாங்கும். நம்ம பேக்கரி ரொட்டி தக்காளிக் குழம்பைத் தாங்காது. அதனால் உங்கள் சாளையை அப்படியே வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெயில் உள்ளி, கறிவேப்பிலை, இஞ்சி வதக்கி, சாளையை மசித்துப் போட்டுச் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறுங்கள். முள்ளைப் பொறுக்க வேண்டாம், டின்னை மூடிய பிறகு அழுத்தச் சூட்டில் வேகவைப்பதால் விரலால் நசுக்கினாலே பொடியும். டின் வாசம் என்று பெரியம்மாமார் சொல்வதும் இந்த வதக்கலில் பெருமளவு போய்விடும். வாசம் பாக்கி இருந்தால் டின் என்று சொல்லாமல் மீன் பிரட்டல் என்று சொல்லிக் கொடுங்கள்!

மார்த்தாண்டம்_நர்ஸ்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க. உப்பிய டின், ஓரத்தில் கசியும் டின், திறக்கும்போது சீறி அடிக்கிற டின் எதையும் ருசி பார்க்கக்கூட வேண்டாம், தூரப் போடுங்க. பொட்டுலிசம் நஞ்சுக்கு வாசமே இருக்காது. திறந்த மீனை டின்னிலேயே விடாமல் மூடி போட்ட பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்க. சூரை, சாளை, அயிலை மூன்றுமே வெளியில் கிடந்தால் ஹிஸ்டமின் என்கிற, ஒவ்வாமை மாதிரி தொல்லை தருகிற பொருள் உண்டாகிற மீன், திரும்பச் சூடாக்கினாலும் அது போகாது. எனவே எட்டு டின்னையும் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம், இருபது இருபது துண்டாக வைத்துத் தட்டில் அனுப்புங்க, ரொட்டி மொறுமொறுப்புக்கும் அதுதான் நல்லது.

குழித்துறை_அடுக்களை:
சரி, பாதி சூரை, பாதி சாளைப் பிரட்டல். துண்டுகளை வாட்டி டப்பாவில் போடுவது காலையிலேயே முடியும், மேலே வைப்பதை நாத்தனார் பிள்ளைகள் ரெண்டு பேர் பார்த்துக்கொள்வார்கள். காந்தாரிக்குப் பதில் பச்சை மிளகாய் போட்டால் குழந்தைகள் சாப்பிடுமா?

தேங்காப்பட்டணம்_கரை:
குழந்தைகளுக்கு மிளகாயே வேண்டாம் மக்களே, தயிரும் சூரையும் மட்டும் வை. நான் சொன்னதைக் கேட்கவில்லை என்றாலும் ஒரு தட்டு மரச்சீனி (மரவள்ளி) அப்பளம் பொரித்து அதன் மேல் சாளைப் பிரட்டலை வைத்துப் பார், வைத்த உடனே தின்னணும், அஞ்சு நிமிஷம் நிற்காது.