மும்பை மாரத்தான்: எனக்கு ஃபுல், வீட்டுல ஹாஃப். ரூம் எங்க போடறது?

நொய்யல்ஓடி (கோவை):
வணக்கம்ங்க. ஜனவரி மூணாவது ஞாயித்துக்கிழமை மும்பை மாரத்தானுக்கு ரெண்டு பேரும் பேர் குடுத்துட்டோம், எனக்கு இதுதான் முதல் ஃபுல் (42 கிலோமீட்டர்), வீட்டுக்காரம்மாவுக்கு ஹாஃப் (21). ஓட்டத்துக்குப் பயிற்சி ஒழுங்கா போய்ட்டிருக்குது, தங்கற இடம்தான் முடிவாக மாட்டேங்குது. ஃபுல் சிஎஸ்எம்டி (பழைய விடி) ஸ்டேஷன் பக்கம் ஸ்டார்ட், ஹாஃப் மாஹிம் ரேத்தி பந்தர்ல ஸ்டார்ட், ரெண்டும் முடியறது சிஎஸ்எம்டியில, பிப் (சட்டையில குத்தற நம்பர்) வாங்கற எக்ஸ்போ பிகேசியில, அதாவது பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்ல. ஆஃபீஸ்ல ஒருத்தர் பிகேசி பக்கமே போட்டுருங்கங்கறார், இன்னொருத்தர் தாதர்ங்கறார். நாங்க குர்லா ட்ரெயின்ல வெள்ளிக்கிழமை வந்து சேர்றோம், ஞாயிறு ராத்திரி திரும்பறோம். ஒரு நாளைக்கு 4000 ரூபாய்க்குள்ள பாக்கறோம். போய் ஓடுனவங்க சொல்லுங்க, ரொம்ப உதவியா இருக்கும்.

சயான்தமிழன்:
நான் பொறந்து வளர்ந்தது இங்கதான், அதனால சொல்றேன், பிகேசி வேண்டாம். அது ஆஃபீஸ் ஏரியா, அங்க இருக்கறதெல்லாம் பெரிய ஹோட்டல், உங்க பட்ஜெட்டுக்கு வராது. எக்ஸ்போவுக்கு ஒரே ஒரு தடவைதான் போகப்போறீங்க, அதுவும் பகல்ல, எந்த அவசரமும் இல்லாம. ஆனா ஸ்டார்ட்டுக்குப் போறது இருட்டுல, ரோடெல்லாம் அடைச்சு வெச்சிருக்கற நேரத்துல. அதனால சிஎஸ்எம்டிக்குக் கிட்ட ஃபோர்ட், சர்ச்கேட், கொலாபா இந்தப் பக்கம் பாருங்க. இப்போ மெட்ரோ 3 வேற முழுசா ஓடுது, 2025 அக்டோபர்ல கஃப் பரேட் வரைக்கும் திறந்துட்டாங்க, சிஎஸ்எம்டியில ஏறினா பிகேசியில இறங்கலாம், மாறவே வேண்டாம்.

சனிக்கிழமை காலையில எக்ஸ்போ முடிச்சுட்டு நேரா மாட்டுங்கா வந்துருங்க, பக்கம்தான். ஸ்டேஷன் கிட்டயே ராமநாயக் மெஸ், 1942ல இருந்து நடக்குது, சாதம் ரசம் மோர்னு வயித்துக்குப் பழகின சாப்பாடு கிடைக்கும். ஓட்டத்துக்கு முன்னாடி நாள் புது ஊர்ல புதுசா எதையும் சாப்பிட்டுப் பாக்காதீங்க. சாப்பிட்டுட்டு மாட்டுங்காவுலயே ஸ்லோ லோக்கல் பிடிச்சா சிஎஸ்எம்டி, ரூமுக்குப் போய் காலை நீட்டிருங்க.

கடற்கரைஓட்டம் (சென்னை):
நான் ரெண்டு தடவை ஃபுல் ஓடியிருக்கேன், முதல் தடவை காசு மிச்சம்னு அந்தேரியில தங்கினேன், ராத்திரி ரெண்டரைக்கு எந்திரிச்சு கேப் போட்டு வந்தா ரோடு மூடியிருக்குன்னு டிரைவர் வழியிலயே இறக்கி விட்டுட்டார், அங்க இருந்து பாதி நடை பாதி ஓட்டம்னு போய் சேர்றதுக்குள்ள மனசே பதறிப் போச்சு. பெடர் ரோடு ஏத்தம் ஃபுல்லுக்கு 35 கிலோமீட்டர் தாண்டி வரும், வெயிலும் ஏறியிருக்கும், அங்கதான் முந்தின ராத்திரி தூங்காததெல்லாம் கால்ல தெரியும். அந்த வருஷம் அதை முழுக்க நடந்துதான் ஏறினேன். அடுத்த தடவை ஃபோர்ட்ல ரூம், மூணரைக்கு எந்திரிச்சேன், அதே ஏத்தத்துல ஓட முடிஞ்சது.

ரூம் போடும்போது ரெண்டு விஷயம் ஃபோன்லயே கேட்டுருங்க. ஒண்ணு லிஃப்ட். அந்தப் பக்கம் பழைய கட்டடங்கள் நிறைய, எனக்குக் கிடைச்சது மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, 42 கிலோமீட்டர் முடிச்சுட்டு ஒவ்வொரு படியா கைப்பிடியைப் பிடிச்சு ஏறினது இன்னும் மறக்கல. இன்னொண்ணு செக்அவுட். காலை பத்து மணிங்கறாங்க, ஃபுல் அஞ்சு மணி வாக்குல ஸ்டார்ட் ஆகுது, முதல் ஃபுல்லுக்கு அஞ்சு மணி நேரம்னு வெச்சாலே நீங்க முடிக்கறதே பத்து. ராத்திரி ட்ரெயின்னா ஞாயித்துக்கிழமைக்கும் சேர்த்துக் காசு கட்டிருங்க. குளிச்சுட்டு நாலு மணி நேரம் தூங்கறதுக்குக் குடுக்கற காசு அது, வீண் இல்ல.

பாதிதூரம்அக்கா:
எல்லாரும் ஃபுல் ஓடறவர் பக்கமே பேசறீங்க, அந்தம்மா மாஹிம் எப்படிப் போவாங்கன்னு யாருமே சொல்லலையே. நான் ஹாஃப் ஓடினப்போ சர்ச்கேட் பக்கம்தான் தங்கியிருந்தேன். மாரத்தான் அன்னிக்கு ரயில்வே ஸ்பெஷல் லோக்கல் விடுவாங்க, நான் போனது சர்ச்கேட்ல இருந்து மாஹிம் வழியா பாந்த்ரா போறது, மூணு மணி வாக்குல. பெட்டி பூரா நம்பர் குத்தின ஆளுங்கதான், தனியாப் போனாலும் பயமே இல்ல. ஆனா போய் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல கீழ உக்காந்திருந்தேன், தூக்கமும் போச்சு உடம்பும் விறைச்சுப் போச்சு. ஸ்பெஷல் டைம் அந்த வாரம்தான் சொல்வாங்க, வருஷா வருஷம் மாறும், பாத்துக்கங்க.

தாதர்ங்கறதும் தப்பான யோசனை இல்ல தம்பி. வெஸ்டர்ன், சென்ட்ரல் ரெண்டு லைனும் அங்க இருக்கு, மாஹிமுக்கு அவங்களுக்கு ரெண்டே ஸ்டேஷன், நீங்க சென்ட்ரல்ல ஸ்பெஷல் பிடிச்சு சிஎஸ்எம்டி போயிடலாம், ரூமும் கொஞ்சம் குறைச்சலா கிடைக்கும். முடிஞ்சப்புறம் ஸ்டேஷன் படிக்கட்டும் கூட்டமும்தான் கஷ்டம். எது பரவாயில்லன்னு அவங்ககிட்டயும் கேட்டீங்களா? அவங்களும் 21 கிலோமீட்டர் ஓடறாங்க.

நொய்யல்ஓடி:
அக்கா, நீங்க கேட்டதுக்கு அப்புறம்தான் உக்காந்து பேசினோம், முதல்லயே கேட்டிருக்கணும். நாலு மணிக்கு எந்திரிக்கறது அவளுக்குப் பழக்கம்தான், ரெண்டு மணி நேரம் முன்னாடி எந்திரிக்கறது பெருசில்ல, ஆனா ஓடி முடிச்சுட்டு ட்ரெயின் ஏற முடியாதுங்கறா, எனக்கு முன்னாடியே முடிச்சுடுவா இல்லீங்களா, ரூம் பக்கத்துல இருந்தா போய் குளிச்சுட்டு நான் வர்றப்போ ஃபினிஷ் பக்கம் வந்து நிக்கலாம்ங்கறா. அதைக் கேட்டதுக்கப்புறம் எனக்கு வேற யோசனையே இல்லீங்க. ஃபோர்ட்ல லிஃப்ட் இருக்கற இடமா ஒண்ணு கிடைச்சுது, பட்ஜெட்டை விட கொஞ்சம் ஜாஸ்தி, ஞாயிறு சாயங்காலம் ஆறு வரைக்கும் பேசி வாங்கிட்டேன். அங்க இருந்து குர்லா டெர்மினஸ் எப்படிப் போறதுங்க, ஆட்டோ கிடைக்குங்களா?

சயான்தமிழன்:
நல்ல முடிவுங்க. ஆட்டோ தெற்கு மும்பைப் பக்கம் ஓடாது, பாந்த்ரா, சயான் தாண்டினாத்தான், ஃபோர்ட்ல எல்லாம் டாக்ஸிதான். லோக்கல்ல போறதுன்னா சிஎஸ்எம்டியில ஹார்பர் லைன் ஏறி திலக் நகர் இறங்குங்க, டெர்மினஸ் அங்க இருந்து கிட்ட. குர்லா லோக்கல் ஸ்டேஷன் வேற, அங்க இறங்கிட்டு பைகளோட அலையாதீங்க. ஞாயித்துக்கிழமை பகல்ல பதினொண்ணு வாக்குல இருந்து சாயங்காலம் வரைக்கும் மெகா பிளாக்னு பராமரிப்பு வேலைக்காக சில ட்ரெயினை நிறுத்துவாங்க, நீங்க ஆறுக்கு மேல கிளம்பறதால தப்பிச்சீங்க, ஆனாலும் முந்தின நாள் பாத்துக்கங்க. பிப் வாங்க ஒரிஜினல் ஐடி ரெண்டு பேரும் கையில வெச்சிருங்க, ஓட்ட நாள் அன்னிக்குக் குடுக்க மாட்டாங்க.

அப்புறம் ஃபினிஷ் பக்கம் நீங்க முடிக்கற நேரத்துல ஜாலிக்கு ஓடற சின்ன ஓட்டம், ட்ரீம் ரன், அந்தக் கூட்டம் வேற நிக்கும், ஃபோன் கிடைக்காது. சனிக்கிழமை சாயங்காலமே ரெண்டு பேரும் ஆசாத் மைதானம் பக்கம் நடந்து போய் எந்த இடத்துல சந்திக்கறதுன்னு காலால நின்னு பாத்து வெச்சுக்கங்க.