புதுப்பிப்பு: பேஸ்மென்ட் ஸ்டூடியோ

டொராண்டோ ஸ்கார்பரோ வீட்டு பேஸ்மென்டில் மிருதங்கம் பதிவு செய்ய அறை போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போட்டாயிற்று. ஆனால் பத்துக்குப் பத்து அடி சதுரமாக எடுத்தது தப்பு. நீளம், அகலம் இரண்டும் ஒரே தாழ்ந்த ஒலியில், 56 ஹெர்ட்ஸ் பக்கம், சேர்ந்து முழங்குகின்றன. கூரை ஏழடி, அது 80-இல். தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கும்கி, அதாவது வளைந்தேறும் அடித்தொனி, இழுத்தால் பாதி வழியில் அறையே உறுமுகிறது. முட்டை அட்டை ஒட்டியது வெட்டி வேலை. நான்கு மூலையிலும் 6 அங்குல ராக்வுல் (ஒலியை உறிஞ்சும் கல் இழைப் பலகை) நிறுத்தியதும் கொஞ்சம் அடங்கியது, முழுசாக இல்லை.

பேஸ்மென்ட் ஈரத்தை உறிஞ்ச டீஹ்யூமிடிஃபையர். சத்தம் வருமென்று பதிவின்போது அதையும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸையும் நிறுத்திவிடுவேன். அப்புறம் அம்மா மேலேயிருந்து "குளிருதடா!" என்று கத்துவார். அந்தப் பதிவு போச்சு.