ஒரே ஒரு புள்ளி: 2008 ஃபார்முலா 1 சீசனை நாங்கள் பார்த்த விதம்

சிங்கப்பூரிலிருந்து:

2008 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. ஃபார்முலா 1 வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம். மரீனா விரிகுடாவில், மிதவை மேடையை நோக்கிய இருக்கைகளில் நானும் என் மாமாவும் உட்கார்ந்திருந்தோம். தினமும் பஸ்ஸில் போய்வரும் சாலைகள் அன்றைய வெள்ளை வெளிச்சத்தில் வேறு ஊர்போலத் தெரிந்தன. காதில் பஞ்சு வைத்தும் எஞ்சின் சத்தம் நெஞ்சுக்கூட்டை அதிரவைத்தது.

அந்த ஆண்டின் உலகப் பட்டத்துக்கு மெக்லாரன் அணியின் லூயிஸ் ஹாமில்டனோடு போட்டியிட்டுக்கொண்டிருந்தவர் ஃபெராரி அணியின் ஃபெலிப்பே மாஸா. முதலிடத்திலிருந்து கிளம்பிய அவர் நிம்மதியாக முன்னே போய்க்கொண்டிருந்தார். 14-ஆவது சுற்றில் ரெனோ அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர் 17-ஆவது வளைவில் சுவரில் மோதினார். காரின் துண்டுகள் தெறித்தன. "பையனுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது" என்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நல்லபடியாக வெளியே வந்ததும் கைதட்டினோம்.

விபத்து நடந்தால் எல்லாக் கார்களையும் மெதுவாகப் போகவைக்கும் பாதுகாப்பு கார் வந்தது. எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் பிட்டுக்குள் போன மாஸாவுக்கு, எரிபொருள் குழாயைக் கழற்றும் முன்பே பச்சை விளக்கு எரிந்துவிட்டது. குழாயையும் இழுத்துக்கொண்டு அவர் பிட் பாதையின் கடைசிவரை போய் நின்றதையும், சிவப்புச் சீருடைக்காரர்கள் பின்னால் ஓடியதையும் பெரிய திரையில் பார்த்தோம். அவர் 13-ஆவதாக முடித்தார். ஒரு புள்ளிகூட இல்லை. 15-ஆவது இடத்திலிருந்து கிளம்பிய ரெனோவின் அலோன்சோ வென்றார். மோதலுக்குச் சற்று முன்புதான் அவர் பிட்டுக்குள் போய் வந்திருந்தார்; மற்றவர்கள் அதற்குப் பிறகு பிட்டுக்குப் போனபோது அவர் முன்னேறிவிட்டார். என்ன யோகம் என்று பேசிக்கொண்டே ரயிலுக்கு நடந்தோம்.

அது யோகமில்லை என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. அணித் தலைமையின் ஏற்பாட்டின்படி பிக்கே வேண்டுமென்றே மோதியிருந்தார். காரை உடனே அகற்றப் பாரந்தூக்கி இல்லாத வளைவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். செய்தியைப் படித்த மாமா வெகுநேரம் பேசவில்லை. "அவனுக்காகச் சாமியைக் கூப்பிட்டேனே" என்றார். அதற்குப் பிறகு எத்தனை முறை அழைத்தும் அவர் பந்தயத்துக்கு வரவில்லை. அந்த டிக்கெட் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

கிள்ளானிலிருந்து:

அண்ணன் எழுதியதைப் படித்து மனம் கனத்தது. ஆனாலும் மாஸா அந்த ஆண்டின் பட்டத்தை இழந்தது சிங்கப்பூரில் மட்டும்தான் என்று பலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே ஆண்டு மார்ச் 23 அன்று எங்கள் மலேசியாவின் செப்பாங் பந்தயத்தில் புல்மேட்டில் வெயிலில் வெந்துகொண்டிருந்தேன். மாஸா முதலிடத்தில் கிளம்பி, பிட்டில் தன் அணித்தோழர் ரைக்கோனனிடம் இடத்தை இழந்து, இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார். பாதிப் பந்தயம் தாண்டியதும் யாரும் இடிக்காமல் தானாகவே சுழன்று சரளைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டார். கையில் இருந்த எட்டுப் புள்ளிகள் போயின. நான் அவருடைய ரசிகன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஹங்கேரியில் மூன்று சுற்றுகள் மிச்சமிருக்கையில் முன்னணியில் இருந்த மாஸாவின் எஞ்சின் கைவிட்டது. பெல்ஜியத்தின் ஸ்பாவிலோ ஹாமில்டனுக்கு விழுந்த 25 விநாடித் தண்டனையால் வெற்றி மாஸாவிடம் வந்தது. இப்படி இரண்டு பக்கமும் வந்து போன சீசன் அது. சிங்கப்பூரில் நடந்தது மட்டும் வேறு வகை, ஏனென்றால் மற்றவற்றை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. 2024-இல் மாஸா அதற்காக லண்டனில் வழக்குத் தொடுத்ததை அதனால்தான் நான் குறை சொல்ல மாட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து:

நான் நேரில் பார்த்தவன் இல்லை. நவம்பர் 2 இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு சீசனின் கடைசிப் பந்தயமான பிரேசிலின் இன்டர்லாகோஸ் பந்தயத்தைப் பார்த்தேன். அந்த ஆண்டு எங்களுக்கு மின்வெட்டு அதிகம். நடுவில் மின்சாரம் போய்விடக் கூடாதே என்ற பயம்தான் பந்தயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பந்தயம் நடந்த சாவோ பாவ்லோ மாஸாவின் சொந்த ஊர். அவர் வென்று, ஹாமில்டன் ஐந்தாவது இடத்துக்குக் கீழே முடித்தால் பட்டம் மாஸாவுக்கு. கடைசிச் சுற்றுகளில் மழை இறங்கியது. டோரோ ரோஸோ அணியின் வெட்டல் ஹாமில்டனை முந்தி ஆறாவது இடத்துக்குத் தள்ளினார். மாஸா முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார். ஃபெராரி அணியினரும் மாஸாவின் குடும்பத்தாரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நானும் என்னை மறந்து கத்திவிட்டேன். அப்பா எழுந்து வந்துவிட்டார்.

அவரிடம் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை. உலர்ந்த சாலைக்கான டயர்களோடு ஈரத்தில் தடுமாறிக்கொண்டிருந்த டொயோட்டா அணியின் டிமோ கிளாக்கை, கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் ஹாமில்டன் தாண்டிவிட்டார். ஐந்தாவது இடம். ஹாமில்டனுக்கு 98 புள்ளி, மாஸாவுக்கு 97. பட்டம் ஹாமில்டனுக்கு.

மேடையில் நின்ற மாஸா, கண்ணீரோடு நெஞ்சில் அடித்துக்கொண்டு தன் ஊர்க்காரர்களைப் பார்த்துத் தலைவணங்கினார். அதுவரை ஒரு பந்தயம்கூடப் பார்த்திராத அப்பா, "யார் இந்தப் பையன்?" என்று கேட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த மார்ச்சில் சீசன் தொடங்கியபோது எனக்கு முன்பே தொலைக்காட்சியைப் போட்டுவைத்திருந்தார்.